டெஸ்டின் பீச் போற வழியில மாண்ட்கோமரி: ரெண்டு மணி நேரம் போதுமா?

கேள்வி, 11 ஜூன் 2024

ஜூலை 13 சனிக்கிழமை ஜார்ஜியா கம்மிங்ல இருந்து கிளம்பி ஃப்ளோரிடால இருக்கற டெஸ்டின் போறோம், நான், வீட்டம்மா, ரெண்டு பசங்க (13, 8), ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மா. பீச் வீட்ல சாயந்திரம் 4 மணிக்கு மேலதான் செக்-இன். பெரியவனுக்கு ஸ்கூல்ல சிவில் ரைட்ஸ் (கறுப்பின மக்களோட சம உரிமைப் போராட்டம்) பத்தி பாடம் வந்துச்சு, அலபாமா மாண்ட்கோமரில நினைவிடம் இருக்குன்னு கேக்கறான். வழியிலதானே இருக்கு, ரெண்டு மணி நேரம் நிறுத்திப் பாத்துட்டுப் போயிடலாமா? நமக்கும் இதுக்கும் பெரிய சம்பந்தம் இல்லதான், ஆனா பையன் ஆசைப்படறான். போனவங்க சொல்லுங்க.

11 ஜூன், ராத்திரி

பத்தாது. எந்த நினைவிடம்னு முதல்ல முடிவு பண்ணுங்க, மாண்ட்கோமரில ஒண்ணு இல்ல. ஆளாளுக்கு "அந்த மெமோரியல்"னு சொல்றது வேற வேற இடத்தை. நாளைக்கு விவரமா எழுதறேன், இப்ப தூக்கம் வருது.

12 ஜூன்

முதல்ல குழப்பத்தைத் தீத்துக்கலாம். "சிவில் ரைட்ஸ் மெமோரியல்"னு பேர் வெச்சிருக்கறது டவுன்டவுன்ல வாஷிங்டன் அவென்யூல, சதர்ன் பாவர்ட்டி லா சென்டர்ங்கற அமைப்பு கட்டினது, 1989ல திறந்தாங்க. டிசைன் பண்ணினது மாயா லின், வாஷிங்டன் டிசில வியட்நாம் போர் நினைவுச் சுவரை மாணவியா இருக்கும்போதே டிசைன் பண்ணினவங்க. இன்னொண்ணு "நேஷனல் மெமோரியல் ஃபார் பீஸ் அண்ட் ஜஸ்டிஸ்", 2018ல திறந்தது, வக்கீல் பிரையன் ஸ்டீவன்சனோட ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் கட்டினது, இரும்புத் தூண் வரிசையா தொங்கற போட்டோ எல்லாம் இதோடதுதான். கூகுள்ல தேடினா ரெண்டும் கலந்து வருது. பையன் கேட்டது எதுன்னு அவன்கிட்டயே கேளுங்க.

முதல்ல சொன்னது சின்ன இடம். வட்டமான கறுப்பு கிரானைட் மேசை, அதுமேல ஒரு விரல் கனம்கூட இல்லாம தண்ணி ஓடிட்டே இருக்கும், தண்ணிக்கு அடியில மேசை ஓரமா சுத்தி பேரும் தேதியும் செதுக்கியிருக்காங்க. 1954 மே, பள்ளிகள்ல நிறப் பிரிவினை சட்டவிரோதம்னு வந்த பிரவுன் தீர்ப்புல ஆரம்பிச்சு 1968 ஏப்ரல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டது வரைக்கும். நடுவுல சுமார் நாப்பது பேர் உயிரை விட்ட கதை, ஒருத்தருக்கு ஒரு வரி, ரெண்டு வரி. பின்னாடி வளைஞ்ச சுவர்ல, நீதி தண்ணி மாதிரி பெருகி ஓடற வரைக்கும் நாங்க அடங்கமாட்டோம்னு கிங் பேசின வரி. காசு கிடையாது, கதவு கிடையாது, வெட்டவெளிதான். இதுக்குன்னு தனியா ஊர் விட்டு ஊர் வர்றவங்க கம்மி, பக்கத்துல இருக்கற பெரிய இடத்தைப் பாத்துட்டு "டைம் இல்ல"ன்னு இதை விட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி. நான் சொல்றது என்னன்னா இதைத்தான் முதல்ல பாக்கணும்.

காரணம் ரெண்டு. ஒண்ணு, நேரம். அலபாமா நம்மளைவிட ஒரு மணி நேரம் பின்னாடி. காலைல 5:30க்கு கிளம்பினீங்கன்னா (பெரியவங்களை வெச்சுக்கிட்டு 6 ஆயிடும், தெரியும்) அங்க கடிகாரத்துல எட்டு எட்டேகாலுக்குப் போயிடலாம், மத்த இடமெல்லாம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், அந்த இடைவெளிக்கு இந்த மேசை சரியா இருக்கும். வெயிலும் ஏறியிருக்காது. ரெண்டாவது, எட்டு வயசுப் பொண்ணுக்கு, சாரி பையனா பொண்ணான்னு சொல்லலை, அந்தக் குழந்தைக்குக் கைக்கு எட்டற உயரத்துல இருக்கு, தண்ணியில கைய வெச்சு எழுத்தைத் தடவலாம், யாரும் திட்டமாட்டாங்க. மாயா லின் யோசிச்சதே அதுதான்.

ஒரு விஷயம் கவனிச்சுப் பாருங்க, முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவுல மேசையில கொஞ்சம் இடம் வெறுமையா விட்டிருப்பாங்க. முன்னாடியும் நடந்துச்சு, பின்னாடியும் நடக்குதுன்னு. பின்னாடின்னா 1981ல கூட அலபாமா மொபைல்ல மைக்கேல் டொனால்டுன்னு 19 வயசுக் கறுப்பினப் பையனை க்ளான் (கு க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறி அமைப்பு) ஆளுங்க கொன்னு மரத்துல தொங்கவிட்டாங்க. அவங்க அம்மா சார்பா வழக்கு போட்டு 1987ல 70 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கி அந்த க்ளான் அமைப்பையே திவாலாக்கினது இதே சதர்ன் பாவர்ட்டி ஆளுங்கதான். 1983ல க்ளான் ஆளுங்க இவங்க ஆபீஸைக் கொளுத்தினாங்க. அதனால அங்க செக்யூரிட்டி யாராவது நின்னுட்டு உங்களையே பாத்தா தப்பா நினைக்காதீங்க, ஒரு குட் மார்னிங் சொல்லுங்க.

12 ஜூன், அரை மணி கழிச்சு

சாப்பாடு மறந்துட்டேன். அப்பா அம்மா சைவமா? அப்படின்னா புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கிட்டுப் போயிடுங்க, கூலர்ல வெச்சு கார்லயே விட்டுடுங்க. சவுத்ல "வெஜிடபிள் பிளேட்"னு போட்டிருக்கும், நம்பி உக்காந்தா காலர்ட் கீரையை பன்னி எலும்பு போட்டு வேகவெச்சிருப்பாங்க, பீன்ஸ்ல பேக்கன் கிடக்கும். கேட்டா உண்மையைச் சொல்லிடுவாங்க, நல்ல மனுஷங்க, ஆனா கேக்கணும். மாக் அண்ட் சீஸும் கார்ன்பிரெட்டும் ஏறக்குறைய சேஃப், அதுலயும் சில பேர் பன்னிக் கொழுப்பு போடுவாங்க. அசைவம் சாப்பிடறவங்களுக்குக் கவலையே இல்ல, ஃபிரைட் சிக்கனுக்கே ஒரு தனி டிரிப் போடலாம்.

14 ஜூன்

கேட்டவர் "கம்மிங்"னு எழுதினதை நான் முதல் நாள் கவனிக்கலை, இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. அப்ப "நமக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல"ங்கற வரியைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சுக்கலாம். நானும் அந்தப் பக்கம்தான்.

மலைமேல இருக்கற நேஷனல் மெமோரியல்ல 800க்கு மேல இரும்புத் தூண், ஒவ்வொண்ணும் ஒரு கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). 1877ல இருந்து 1950 வரைக்கும் கும்பல் சேர்ந்து அடிச்சும் தூக்குல போட்டும் எரிச்சும் கொன்ன 4,400க்கு மேற்பட்ட கறுப்பின மக்களோட பேர் அதுல வெட்டியிருக்கு. உள்ள நுழையும்போது தூண் நம்ம உயரத்துக்கு நேரா நிக்கும், நடக்க நடக்கத் தரை சரிஞ்சு கீழ போகும், தூண் அப்படியே மேல தொங்க ஆரம்பிக்கும், கடைசியில அண்ணாந்து பாத்துத்தான் பேரைப் படிக்கணும். ஏன்னு யாரும் விளக்கவே வேண்டாம்.

வெளிய வந்தா அதே தூண்களோட நகலை வரிசையா தரையில கிடத்தியிருக்காங்க. அந்தந்த கவுன்டிக்காரங்க வந்து "எங்க ஊர்ல நடந்தது"ன்னு ஒத்துக்கிட்டு எடுத்துக்கிட்டுப் போய் ஊர்ல நடணும்ங்கறது திட்டம். மாநிலவாரியா கிடக்கறதால ஜார்ஜியா எங்கன்னு பாத்து உங்க கவுன்டியை அங்க கண்டுபிடிக்கறது சுலபம். உள்ள தொங்கறதுல தேடறது கஷ்டம், கழுத்து வலிக்கும், அங்க வேலை பாக்கறவங்ககிட்ட கேட்டா காட்டுவாங்க.

கம்மிங் இருக்கறது ஃபோர்சைத் கவுன்டி. 1912 செப்டம்பர் 10, ராப் எட்வர்ட்ஸ். கம்மிங் ஜெயில்ல இருந்து கும்பல் இழுத்துட்டு வந்து கொன்னு நடு ஊர்ல கம்பத்துல தொங்கவிட்டாங்க. அடுத்த மாசம் ரெண்டு பதின்வயசுப் பசங்களுக்கு, எர்னஸ்ட் நாக்ஸ், ஆஸ்கர் டேனியல், அவசர அவசரமா வழக்கு நடத்தித் தூக்கு, வேடிக்கை பாக்க ஆயிரக்கணக்குல கூட்டம். அதோட நிக்கலை, அப்ப கவுன்டியில இருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பின மக்களை ராத்திரி ராத்திரியா வீட்டுக்குத் தீ வெச்சும் துப்பாக்கியால சுட்டும் மொத்தமா விரட்டிட்டாங்க. அவங்க சர்ச்சுகளையும் எரிச்சாங்க. நிலம் பக்கத்து வீட்டுக்காரன் கைக்குப் போச்சு. அதுக்கப்புறம் எழுபது எண்பது வருஷம் அந்த கவுன்டியில கறுப்பின ஆளே கிட்டத்தட்ட கிடையாது. 1987 ஜனவரியில கிங்கோட கூட வேலை செஞ்ச ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில ஒரு சின்ன ஊர்வலம் போனப்ப கல்லால அடிச்சாங்க, அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் திரண்டு வந்து நடந்தாங்க.

இப்ப அங்கதான் நம்ம ஆளுங்க ஸ்கூல் ரேட்டிங் பாத்து வீடு வாங்கறோம், பொங்கல் விழா நடத்தறோம். வீடு வாங்கும்போது ஏஜென்ட் ஹெச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்), ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், கழிவுநீர் லைன் வரைக்கும் சொன்னார், இதை யாரும் சொல்லலை. எனக்குத் தெரிய வந்ததே அந்தத் தூண் முன்னாடி நின்னப்பதான். கவுன்டி பேரைப் பாத்துட்டு சும்மா போட்டோ எடுக்கலாம்னு போன் எடுத்தேன், எடுத்த போனை என்ன பண்றதுன்னு தெரியாம கையில வெச்சுக்கிட்டே நின்னேன். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இதைத்தான் படிச்சிட்டு இருந்தேன்.

அதனால கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க இதுவரைக்கும் குடியிருந்த கவுன்டி பேரையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டுப் போங்க. ஃபுல்டன், க்வினெட், காப், டல்லஸ், ஹாரிஸ், எதுவா இருந்தாலும். தூணே இல்லாத கவுன்டியா இருந்தா சந்தோஷம்.

15 ஜூன்

மேல ஒருத்தர் "வெக்கேஷன் போறவர்கிட்ட எதுக்கு இவ்ளோ நெகட்டிவ், ரெண்டு போட்டோ எடுத்துட்டு பீச்சுக்குப் போகட்டும்"னு எழுதியிருக்கார். சார், ரெண்டு போட்டோ போதும்னா அட்லாண்டாலயே கிங் நேஷனல் ஹிஸ்டாரிக்கல் பார்க் இருக்கு, இலவசம், கிங் பொறந்த வீடு, சமாதி எல்லாம் ஒரே இடம், காந்தி சிலை கூட இருக்கு. நம்மாளுங்க முக்கால்வாசி பேர் காந்தி சிலை பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு "கிங்குக்கே குரு நம்மாளுதான்"னு சொல்லிட்டுக் கிளம்பிடுவாங்க. என் மாமனார் உட்பட.

பீச்சுக்குப் போகவேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே. நானே அப்படிப் போனவன்தான். அன்னைக்கே சாயந்திரம் கடல்ல பசங்க குதிச்சு விளையாடினாங்க, ஒரு குறையும் வந்துடல.

17 ஜூன்

"ரோசா பார்க்ஸ் ம்யூசியத்துல அவங்க உக்காந்த பஸ்ஸையே வெச்சிருக்காங்க"ன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார், அப்படி இல்ல. அங்க இருக்கறது அதே மாதிரி செஞ்ச பஸ், அதுல அன்னைக்கு நடந்ததை நடிச்சுக் காட்டற மாதிரி ஒரு படம் ஓடும், நல்லாவே இருக்கும். நிஜ பஸ் மிச்சிகன்ல டியர்பார்ன்ல ஹென்றி ஃபோர்ட் ம்யூசியத்துல இருக்கு. ஆனா இந்த ம்யூசியம் கட்டியிருக்கற இடம் நிஜம், 1955 டிசம்பர் 1 அவங்களைக் கைது பண்ணின இடத்துலயே.

பஸ் பேச்சு வந்ததால. பாடப்புத்தகத்துல "கால் வலிச்ச ஒரு தையல்காரம்மா எழுந்திரிக்க மாட்டேன்னு சொன்னாங்க, அப்புறம் கிங் வந்தார், ஜெயிச்சாங்க"ன்னு மூணு வரியில முடிச்சிடறாங்க. ரோசா பார்க்ஸ் அதுக்கு முன்னாடியே பல வருஷமா என்ஏஏசிபிங்கற கறுப்பின மக்கள் உரிமை அமைப்புல வேலை செஞ்சவங்க. அவங்களுக்கு ஒன்பது மாசம் முன்னாடி, மார்ச் 2ஆம் தேதி, க்ளாடெட் கால்வின்னு 15 வயசுப் பொண்ணு இதே ஊர்ல இதே மாதிரி எழுந்திரிக்காம கைதானா. பஸ்ல பிரிவினை செல்லாதுன்னு கோர்ட்ல ஜெயிச்ச வழக்குல வாதிகள்ல அந்தப் பொண்ணும் ஒருத்தி. உங்க பெரியவனுக்கு இதைச் சொல்லுங்க, அவனைவிட ரெண்டு வயசுதான் கூட.

381 நாள் பஸ்ஸைப் புறக்கணிச்சாங்கன்னா அந்த 381 நாளும் வேலைக்குப் போகணுமே, கார் ஷேர் பண்ணணும், பெட்ரோல் போடணும், காசு எங்க இருந்து? ஜார்ஜியா கில்மோர்னு ஒரு சமையல்காரம்மா. கோர்ட்ல கிங் சார்பா சாட்சி சொன்னதுக்கு அவங்க வேலையே போச்சு. வீட்டுலயே சிக்கனும் பையும் கேக்கும் செஞ்சு வித்து, கூட இருந்த பொம்பளைங்களையும் சேத்துக்கிட்டு, வாராவாரம் கூட்டத்துல காசைக் கொண்டுவந்து கொடுப்பாங்க. யார் கொடுத்ததுன்னு கேட்டா "எங்கேயிருந்தும் இல்ல"ன்னு சொல்றதுக்காகவே அந்தக் குழுவுக்கு "க்ளப் ஃப்ரம் நோவேர்"னு பேரு, யாருக்கும் வேலை போயிடக்கூடாதுன்னு. எங்க அம்மா கிட்ட கிங் கதை சொன்னப்ப ம்ம் ம்ம்னு கேட்டாங்க, இந்தம்மா கதை சொன்னப்பதான் "என்னது, எத்தனை பேருக்குச் சமைச்சா?"ன்னு நிமிர்ந்து உக்காந்தாங்க. உங்க அம்மாவுக்கும் இதை கார்ல சொல்லிப் பாருங்க.

18 ஜூன்

எட்டு வயசுக் குழந்தையை எங்கெல்லாம் கூட்டிட்டுப் போலாம்னு தனியா கேட்டிருந்தீங்க (பொண்ணாம், சரி).

கிரானைட் மேசை: தாராளமா. மலைமேல தூண்கள்: போலாம், பேர்தான் இருக்கும், படம் இருக்காது, ஆனா கேள்வி கேப்பா, பதில் தயாரா இருக்கணும். நுழைஞ்ச உடனே சங்கிலியில கட்டின மனுஷங்க சிலை, கையில குழந்தையோட ஒரு தாய், கானா நாட்டுச் சிற்பி க்வாமி அகோட்டோ-பாம்ஃபோ செஞ்சது, அங்கயே முதல் கேள்வி வந்துடும். லெகசி ம்யூசியம் (தூண்கள் கட்டின அதே ஈக்வல் ஜஸ்டிஸ் ஆளுங்களோடது): எட்டு வயசுக்கு நான் கூட்டிட்டுப் போகமாட்டேன். பருத்தி கிடங்கு இருந்த இடத்துல கட்டினது, முதல்ல பெரிய திரை முழுக்க அட்லாண்டிக் அலை சத்தத்தோட அடிக்கும், அடுத்து இருட்டு அறையில அடிமைக் கொட்டடிக்குள்ள இருந்து உருவங்க பேச ஆரம்பிக்கும், அம்மா எங்கன்னு ரெண்டு குழந்தைங்க கேக்கும். பெரியவங்களே வெளிய வந்து பெஞ்சுல உக்காந்துடறாங்க. ஒருத்தர் சின்னவளோட வெளிய இருக்க, ஒருத்தர் பெரியவனோட உள்ள போறது நல்லது. உள்ள போட்டோ எடுக்கக்கூடாது.

டிக்கெட் 5 டாலர்தான், ம்யூசியம், மெமோரியல், புதுசா இந்த மார்ச்ல திறந்த சிற்பப் பூங்கா மூணுக்கும் சேத்து. ஷட்டில் விடறாங்க. சனிக்கிழமை கூட்டம் வரும், ஆன்லைன்ல முன்னாடியே எடுத்துடுங்க. திங்கள் செவ்வாய் போறவங்க திறந்திருக்கான்னு பாத்துட்டுக் கிளம்புங்க.

22 ஜூன்

மேல நான் சொன்ன வரிசையை யோசிச்சுப் பாத்தேன், கொஞ்சம் மாத்திக்கலாம்னு தோணுது. அப்பா அம்மா கூட வர்றாங்கல்ல, ஜூலை வெயில், ம்யூசியத்தை இந்த டிரிப்ல விட்டுடுங்க. மேசை, அங்க இருந்து நடக்கற தூரத்துல டெக்ஸ்டர் அவென்யூ சர்ச் (செங்கல் கட்டிடம், கிங் 1954ல இருந்து 1960 வரை பாதிரியாரா இருந்தது, உள்ள பாக்க முன்கூட்டியே சொல்லி வெக்கணும், வெளிய இருந்து பாக்கலாம்), சர்ச் படியில நின்னா ஒரு ப்ளாக் தள்ளி மேட்டுல ஸ்டேட் கேபிடல் தெரியும். 1861ல ஜெஃபர்சன் டேவிஸ் கான்ஃபெடரசி (அடிமை முறையைக் காப்பாத்தத் தனியா பிரிஞ்ச தென் மாநிலங்கள்) தலைவரா பதவி ஏத்த இடம் அதோட வாசல், 1965ல ஓட்டுரிமை கேட்டு செல்மால இருந்து நடந்த ஊர்வலம் வந்து முடிஞ்சதும் அதே வாசல் முன்னாடி. அப்புறம் மலைமேல தூண்கள். பதினொண்ணரைக்குள்ள முடிச்சு புளிசாதம் சாப்பிட்டுக் கிளம்பிடலாம். பெரியவனும் நீங்களும் இன்னொரு நாள் தனியா வந்து ம்யூசியம் பாருங்க, அவனுக்கும் அது பிடிக்கும், தங்கச்சி இல்லாம.

சிற்பப் பூங்கா பத்தி ரெண்டு பேர் கேட்டாங்க. அலபாமா ஆத்தங்கரையில, படகுல கூட்டிட்டுப் போறாங்க. கடைசியில 43 அடி உயரச் சுவர் ஒண்ணு, புத்தகம் திறந்து வெச்ச மாதிரி, விடுதலையான மக்கள் 1870 மக்கள்தொகைக் கணக்குல முதல் தடவையா பேரோட பதிவானாங்கல்ல, அந்தக் குடும்பப் பேர் 1,22,000 செதுக்கியிருக்கு. படகுல போகும்போது எல்லாரும் காத்து வாங்கிக்கிட்டு செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க, எனக்கு காலைல மேசையில படிச்ச வில்லி எட்வர்ட்ஸ் ஞாபகம். லாரி டிரைவர், 1957 ஜனவரி, ஆள் மாறிப் பிடிச்ச க்ளான் கும்பல் துப்பாக்கியைக் காட்டி பாலத்துல இருந்து இதே ஆத்துல குதிக்க வெச்சாங்க. மூணு மாசம் கழிச்சுத்தான் உடம்பு கிடைச்சது. மேசையை முதல்ல பாக்கணும்னு நான் அடிச்சுச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், அப்புறம் போற இடமெல்லாம் அந்தப் பேருங்க கூட வரும்.

வழியிலயும் வரும். ஐ-85ல டஸ்கீகி எக்ஸிட் வரும்ல, நிறைய பேர் அந்தப் பக்கம் பெட்ரோல் போட, பாத்ரூம் போக நிறுத்துவோம். சாமி யங், டஸ்கீகி மாணவன், நேவியில இருந்துட்டு வந்தவன், 21 வயசு, 1966 ஜனவரி 3 அந்த ஊர் பெட்ரோல் பங்க்ல வெள்ளைக்காரங்க பாத்ரூமுக்குப் போகப் பாத்ததுல தகராறு, சுட்டுட்டாங்க. சுட்டவனை முழுக்க வெள்ளைக்கார ஜூரி விடுதலை பண்ணிடுச்சு. மேசையில அவன் பேரும் இருக்கு.

மதியம் நீங்க டெஸ்டினுக்கு 331 ஹைவேல இறங்குவீங்க, லுவெர்ன்னு ஒரு சின்ன ஊர் வரும். மலைமேல சுவர்ல யார் யாரை எதுக்காகக் கொன்னாங்கன்னு ஒத்தை ஒத்தை வரியா எழுதியிருக்கும். ஜெசி தார்ன்டன், லுவெர்ன், 1940, ஒரு வெள்ளைக்கார போலீஸைப் பேர் சொல்லும்போது "மிஸ்டர்" போடாததுக்கு. எலிசபெத் லாரன்ஸ், பர்மிங்ஹாம், 1933, தன்மேல கல்லெறிஞ்ச வெள்ளைக்காரப் பசங்களைக் கண்டிச்சதுக்கு.

23 ஜூன்

"மிஸ்டர் போடாததுக்குக் கொலையான்னு ஆச்சரியப்படறதுக்கு முன்னாடி நம்ம ஊரைப் பாருங்க"ன்னு ஒருத்தர், "எதுக்கெடுத்தாலும் சாதியை இழுக்காதீங்க"ன்னு இன்னொருத்தர், நாப்பது பதில் ஓடிடுச்சு. நான் நாகப்பட்டினம் பக்கம். எங்க ஊர்ல இருந்து கீழ்வெண்மணி சைக்கிள் தூரம். கூலி நெல்லு கொஞ்சம் கூடக் கேட்டதுக்கு 1968 டிசம்பர் 25 ராத்திரி குடிசைக்குள்ள வெச்சு 44 பேரை எரிச்சாங்க, பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைங்களும். மாண்ட்கோமரி மேசை முடியறதும் அதே வருஷம்தான், ஏப்ரல்ல. நான் சின்ன வயசுல அந்த நினைவிடத்தை பஸ்ல தாண்டிப் போயிருக்கேன், இறங்கிப் பாத்ததில்ல, வீட்ல யாரும் கூட்டிட்டுப் போகவும் இல்ல. இதுக்குமேல இதுல சண்டை வேண்டாம், இந்தக் கேள்வி-பதில் இழை பீச் டிரிப் பத்தினது.

16 ஜூலை

கேட்டவர் போயிட்டு வந்துட்டார். அவர் எழுதினதைப் படிச்சேன். ஆறரைக்குத்தான் கிளம்பினாங்களாம் (ஹா), இருந்தாலும் மேசையும் மலையும் பாத்திருக்காங்க. ஃபோர்சைத் தூணைக் கண்டுபிடிச்சது சின்னவளாம், பெரியவன் ராப் எட்வர்ட்ஸ் பேரை நோட்டுல எழுதிக்கிட்டானாம். அப்பா மட்டும் மலை ஏறாம கார்ல ஏசில உக்காந்துட்டாராம், பரவாயில்ல சார், எழுபது வயசுக்கு மேல அந்த வெயில்ல அதுதான் புத்திசாலித்தனம். கம்மிங் டவுன்டவுன்ல ராப் எட்வர்ட்ஸுக்கு ஒரு நினைவுப் பலகை சில வருஷம் முன்னாடி வெச்சிருக்காங்க, கோர்ட் பக்கம் போனா பெரியவனை அழைச்சிட்டுப் போய்க் காட்டுங்க.

"331ல லுவெர்ன் வந்தப்ப கார்ல யாருமே பேசலை, அப்புறம் சின்னவ பாத்ரூம் கேட்டா, அங்கயே நிறுத்த வேண்டியதாப் போச்சு"ன்னு எழுதியிருக்கீங்க. அதுல என்ன இருக்கு, நிறுத்தலாம், அங்கயும் ஜனங்க வாழறாங்க, எல்லாரும் 1940ல இருந்தவங்க இல்ல. கடையில கறுப்பினப் பெண்மணி ஒருத்தங்க அம்மாகிட்ட புடவை நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னு எழுதினீங்களே, அதை அம்மா ஊர் முழுக்கச் சொல்லப்போறாங்க பாருங்க.

2 செப்டம்பர்

லேபர் டே அன்னைக்கு செல்மா போலாமான்னு இன்னைக்குக் காலைல ஒருத்தர் கேக்கறார், லேபர் டேவே இன்னைக்குத்தான் சார்.

பொதுவா சொல்றேன். மாண்ட்கோமரில இருந்து ஹைவே 80ல ஒரு மணி நேரம். எட்மண்ட் பெட்டஸ் பாலத்துல நடக்கக் காசு கிடையாது, நேரம் கிடையாது, ஆனா அது இன்னைக்கும் லாரி ஓடற ஹைவே, ஓரத்துல நடைபாதை இருக்கு, குழந்தைங்க கையைப் பிடிச்சுக்கோங்க. 1965 மார்ச் 7 ஞாயித்துக்கிழமை சுமார் 600 பேர் ஓட்டுரிமை கேட்டு நடந்தப்ப பாலத்தைத் தாண்டினதும் போலீஸ் அடிச்சு நொறுக்கினாங்க, முன்வரிசையில நடந்த ஜான் லூயிஸுக்கு மண்டை உடைஞ்சது. பாலம் நடுவுல உயரமா வளைஞ்சு இருக்கறதால ஏறும்போது அந்தப் பக்கம் என்ன நிக்குதுன்னு தெரியாது, உச்சிக்கு வந்தாத்தான் தெரியும். நடந்து பாத்தாத்தான் இது புரியும், கார்ல போனா புரியாது. பெட்டஸ்ங்கறவர் கான்ஃபெடரேட் தளபதி, க்ளான் தலைவர்னும் சொல்வாங்க, பேரை மாத்தணும்னு சண்டை ஓடிட்டே இருக்கு.

செல்மா ஊர் வறுமையான ஊர், 2023 ஜனவரில டொர்னாடோ வேற அடிச்சது. மூடின கடைங்க, உடைஞ்ச ஜன்னல் எல்லாம் இருக்கும். "சேஃபா?"ன்னு கேக்காதீங்க, பகல்ல போங்க, ரெண்டு பொருள் வாங்குங்க, அங்கயே சாப்பிடுங்க. திரும்பும்போது லவுண்ட்ஸ் கவுன்டில நேஷனல் பார்க்காரங்க மையம் இருக்கு. அந்த ரோட்டோரத்துலதான் வயோலா லியூஸோவுக்கு ஒரு கல்லும் இருக்கு, டெட்ராய்ட்ல இருந்து வந்த அஞ்சு பிள்ளைங்க தாய், ஊர்வலத்துக்கு வந்தவங்களைக் கார்ல கொண்டுவிட்டுட்டு இருந்தவங்க, மார்ச் 25 ராத்திரி சுட்டுட்டாங்க. அவங்க பேரும் மேசையில இருக்கு.

9 பிப்ரவரி 2025

இழையை யாரோ மேல தூக்கி விட்டுட்டாங்க, "நமக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல"ங்கற பழைய வரியைப் பிடிச்சுக்கிட்டு. இன்னும் ரெண்டு விஷயம் சொல்லணும்னு நினைச்சிருந்தேன்.

1946ல வந்த சட்டப்படி இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர்தான் ஒதுக்கீடு, மொத்த நாட்டுக்கும். அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழிச்ச குடியேற்றச் சட்டத்துல ஜான்சன் கையெழுத்துப் போட்டது 1965 அக்டோபர் 3. ஓட்டுரிமைச் சட்டத்துல கையெழுத்துப் போட்டது அதே வருஷம் ஆகஸ்ட் 6. அதே காங்கிரஸ், அதே ஜனாதிபதி, அதே காத்து. செல்மாவுல அடி வாங்கினவங்க எனக்கு க்ரீன் கார்டு கிடைக்கணும்னு அடி வாங்கலை, தெரியும். ஆனா பலன் நமக்கும் வந்துச்சு, நாம அவங்களைப் பத்தி சாப்பாட்டு மேசையில என்ன பேசறோம்ங்கறது அவங்கவங்களுக்குத் தெரியும்.

இன்னொண்ணு, கிங் 1959ல, டெக்ஸ்டர் சர்ச்ல பாதிரியாரா இருக்கும்போதே, ஒரு மாசம் இந்தியா வந்தார். கன்னியாகுமரி போய் ஒரு பக்கம் சூரியன் மறையறதும் ஒரு பக்கம் நிலா வர்றதும் பாத்ததைப் பிரசங்கத்துல சொல்லியிருக்கார். திருவனந்தபுரத்துல தாழ்த்தப்பட்ட குழந்தைங்க படிக்கற ஸ்கூலுக்குப் போனப்ப தலைமையாசிரியர் "அமெரிக்காவுல இருந்து வந்திருக்கற உங்களை மாதிரியே ஒரு தீண்டத்தகாதவர்"னு அறிமுகப்படுத்தினாராம். முதல்ல சுருக்குன்னு இருந்துச்சாம், அப்புறம் யோசிச்சுப் பாத்து ஆமா, நானும் அதுதான்னு தோணுச்சாம். 1965ல அட்லாண்டா சர்ச்ல அவரே சொன்னது. காந்தி சிலை போட்டோ எடுக்கற மாமனார்கிட்ட இதைச் சொன்னேன், "அப்படியா"ன்னுட்டு டிவி பக்கம் திரும்பிட்டார்.

10 பிப்ரவரி

மார்ச் முதல் வார இறுதியில செல்மா போகலாம்னு மூணு குடும்பம் சேர்ந்து கேட்டிருக்கீங்க. வருஷா வருஷம் அப்பதான் பாலத்தைக் கடக்கற விழா, இந்த வருஷம் 60 வருஷம் ஆகறதால கூட்டம் அள்ளும், செல்மாவுல ரூம் கிடைக்காது, மாண்ட்கோமரிலயே இப்பவே போடுங்க. விழா அன்னைக்கு ரோடு மூடுவாங்க, காரை தூரமா விட்டுட்டு நடக்கணும், ஸ்ட்ரோலர் வேண்டாம். சின்னப் பசங்களோட நிதானமா பாக்கணும்னா அதுக்கு அடுத்த அடுத்த வாரம் போங்க, பாலத்துல நீங்க மட்டும்தான் இருப்பீங்க. எதுவா இருந்தாலும் புளிசாதம் கட்டிக்கோங்க.